முந்தானையில் ஒரு பிடி மண்

எங்கள் தெருவில் என் தொண்டைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எல்லோருக்குமே குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும். நான் கூப்பிட்டால் அடுத்த தெருவில் போகிற பால்காரர் திரும்பிப் பார்ப்பார். கோபம் வந்தால் இன்னும் இரண்டு தெரு கூடும். வந்த கோபத்தை நான் லேசில் விடுகிறவளும் இல்லை. என் கல்யாணப் பந்தியில் என் அப்பாவுக்கு இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றாமல் தாண்டிப் போன என் கணவரின் சித்தப்பாவோடு நான் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதச் சொன்னது டாக்டரம்மா. "உங்க பொண்ணுக்கு நடந்ததை எழுதிக் குடுங்கம்மா, மத்த வீட்டுக்காரங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். எழுதுகிறேன், ஆனால் எல்லோரையும் மன்னித்துவிட்ட அம்மாவாக வேஷம் கட்டி எழுத மாட்டேன் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன்.

என் பெயர் அமுதா. கணவர் ஏகாம்பரம் பட்டுத் தறி நெய்கிறார். நான் கறை எடுக்கிறேன். தறியிலிருந்து இறங்குகிற புடவையில் எண்ணெய்ச் சொட்டு இருக்கும், கை அழுக்கு இருக்கும், சில சமயம் வெற்றிலைச் சாறுகூட இருக்கும். கடைக்குப் போவதற்குள் அதை எடுத்தாக வேண்டும். தின்னர் மாதிரி ஒரு திரவம் கேனில் வரும். நாங்கள் அதைக் கறை மருந்து என்போம். வெள்ளைத் துணியை அதில் நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் பட்டு பிசிறு எழும்பிவிடும். பதினாறு வருஷமாக இதுதான் என் வேலை. அந்த வாசனை என் விரலில், புடவையில், தலையணையில் எல்லாம் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள்தான் மூக்கைச் சுளிப்பார்கள். எங்களுக்கு அது தெரிவதே இல்லை.

எங்களுக்கு ஒரே மகள், நிவேதா. அப்போது பத்தாவது முடித்து பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். அந்த வருஷம் அவள் எனக்கு ஒத்தாசையாக மாறிவிட்டாள். "நீ போய்ப் படும்மா, மீதி ரெண்டு புடவை நான் பாத்துக்கறேன்" என்று துணியை என் கையிலிருந்து வாங்குவாள். மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். நான் அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். எதிர்வீட்டு விஜயாவிடம், "உம் புள்ள போனை நோண்டிக்கினு இருக்கான், எம் பொண்ணைப் பாரு" என்று குத்திக்கூடக் காட்டினேன்.

கேனில் மருந்து சீக்கிரம் குறைந்தது. அது மூடியைத் திறந்து வைத்தாலே பறந்து போகிற சரக்குதான். ஆனால் இவ்வளவு வேகமாகவா? கேன்காரர்தான் அளவில் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டினேன். வயதான மனிதர். சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு வருவார். நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேட்டேன். "எம் பொண்ணு மேல சத்தியமா சொல்றேம்மா, நான் கொறைக்கல" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எவ பொண்ணு மேல வேணா சத்தியம் பண்ணுய்யா" என்றேன். மறுவாரத்திலிருந்து வேறு ஆளிடம் வாங்கினேன். கேனை எங்கே வைத்திருந்தேன் என்றால் நிவேதாவின் கட்டிலுக்கு அடியில். அங்கேதான் வெயில் படாது.

வேறு அடையாளமும் இருந்தது. வாயோரத்தில் செதில் செதிலாகப் புண். வயிற்றுச் சூடு என்று மோர் கொடுத்தேன். தலைவலி என்றாள், கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். சாப்பாடு இறங்கவில்லை, பாடம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு தடவை மூக்கில் ரத்தம் வந்தது. ஒரு நாள் சுவரைப் பார்த்து, "பல்லி பெருசாயிக்கினே போவுதும்மா" என்று சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். தினமும் அந்த ஆவியிலேயே உட்கார்ந்திருக்கிற எனக்கு மகளின் மூச்சில் அது வீசியது தெரியவே இல்லை.

அன்று பிற்பகல் மூன்று மணி இருக்கும். புடவை கொடுக்கக் கடைக்குப் போனேன். முதலாளி இல்லை. உடனே திரும்பிவிட்டேன். கீழே என் கணவர் தறியில் இருந்தார். மாடிக்குப் போய்க் கதவைத் தள்ளினேன். கட்டில் ஓரத்தில் நிவேதா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் விஜயாவின் மகன் பிரவீன், பிளஸ் டூ படிக்கிற பையன். இரண்டு பேர் வாயிலும் என் வெள்ளைத் துணி.

கத்தினேன். எப்படிக் கத்தினேன் என்று தெரு இன்றும் சொல்லும். "இன்னாடி மோந்துக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்!" என்று கையிலிருந்த பையை வீசினேன். அவன் என்னை இடித்துக்கொண்டு பால்கனிக்கு ஓடி, அடுத்த வீட்டு மாடியில் குதித்துப் போய்விட்டான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நிவேதா எழுந்தாள். "அம்மா, கத்தாதம்மா" என்றாள். நான் அவள் தலைமுடியை எட்டிப் பிடிக்கப் போனேன். அவள் நழுவிப் படிக்கட்டுக்கு ஓடி இரண்டு படி இறங்கினாள். மூன்றாவது படியில் கால் மடிந்து அப்படியே சரிந்து விழுந்தாள்.

நடிக்கிறாள் என்று நினைத்தேன். அதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். "எழுந்திரு, நாடகம் ஆடாத" என்றேன். அதற்குள் என் கணவர் தறியை விட்டு ஓடிவந்து அவளை மடியில் போட்டுக்கொண்டார். உதடு நீலமாக இருந்தது.

108 ஆம்புலன்ஸ் வந்தது. வண்டியில் இருந்த தம்பி அவள் மார்பில் ஸ்டிக்கர் ஒட்டி ஒயரை மாட்டினார். சின்னத் திரையில் கோடுகள் கன்னாபின்னாவென்று குதித்தன. "அக்கா, ஹார்ட் பீட் தாறுமாறா ஓடுது. பொண்ணு எதையாவது குடிச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டாக்டரம்மாவும் அதையே கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காலையில சாப்பிடல டாக்டர், மயக்கம் போட்டுட்டா." வயதுக்கு வந்த பெண், மாடி அறையில் ஒரு பையனோடு, வாயில் துணியோடு. இதை எப்படி வெளியில் சொல்வது? நர்ஸ் குனிந்து, "மேடம், பொண்ணு மேல பெயின்ட் வாசனை வருது" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. "அது என் கை வாசனைங்க. நான் கறை எடுக்கிறவ" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். டாக்டரம்மா நம்பிவிட்டார். ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே போனதால் அதை ஏற்றுகிற ஒரு ஊசியை எடுக்கச் சொன்னார்.

அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். எங்கள் கல்யாணமான இருபது வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவர் என்னை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "இவ பொய் சொல்றா டாக்டர். எம் பொண்ணு கறை மருந்தைத் துணியில நனைச்சு மோந்துக்கினு இருந்துது. எத்தினி நாளாவோ தெரியல."

டாக்டரம்மா கையை உயர்த்தி நர்ஸை நிறுத்தினார். "அந்த ஊசி வேண்டாம், தள்ளி வைங்க" என்றார். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். கதவு மூடுவதற்குள் பார்த்துவிட்டேன். அவள் மார்பில் இரண்டு கருவிகளை வைத்து அழுத்திக் கரண்ட் கொடுத்தார்கள். என் மகளின் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது.

வெளியே பெஞ்சில் உட்கார முடியவில்லை. வாசலில் ஒரு புங்க மரம் நின்றது. உள்ளே ஆளை விட்டுவிட்டு வெளியே காத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் அதன் அடியில்தான் நிற்பார்கள். எங்கள் பக்கத்தில் வயிறெரிந்த ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினால் அந்த வீடு விளங்காது என்பார்கள். தன் வாசல் மண்ணை வாரித்தான் தூற்றுவார்கள். எனக்கு அது போதவில்லை. எத்தனையோ அம்மாக்கள் நின்று அழுத அந்த மரத்தடி மண் வேண்டும் என்று தோன்றியது. ஒரு பிடி அள்ளி முந்தானையில் போட்டு முடிந்துகொண்டேன். பிரவீன் வீட்டு வாசலில், அவன் பார்க்க, அவன் அம்மா பார்க்க அதை வாரி இறைக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே நின்று சொல்லிக்கொண்டேன். அவன்தான் சொல்லிக் கொடுத்திருப்பான். அவன்தான் விட்டுவிட்டும் ஓடினான்.

துடிப்பு அன்று மாலையே நிலைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஐ.சி.யூவில் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். சின்ன வயதுதான். வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசுகிறவர்.

"பயந்தா நம்ம உடம்பே ஒரு சுரப்பை விடும்மா. அட்ரினலின்னு பேரு. அது இதயத்தை வேகமா ஓட வைக்கும். சாதாரண இதயம் அதைத் தாங்கிக்கும். தின்னர், பஞ்சர் ஒட்டுற சொல்யூஷன், பெயின்ட் ஸ்பிரே, இந்த மாதிரி ஆவியை இழுத்த இதயம் தாங்காது. அந்த நேரத்துல பயந்தாலோ, ஓடினாலோ துடிப்பு தடம் மாறிடும். துடிக்கறதுக்குப் பதிலா நடுங்க ஆரம்பிக்கும். சில பிள்ளைங்க அங்கேயே போயிடுதுங்க. பல நாள் பழகின பிள்ளைக்குத்தான் வரும்னு இல்ல, முதல் தடவை இழுக்கிற பிள்ளைக்கும் வரலாம்." என்னைப் பார்த்துக் கேட்டார். "நேத்து யாராவது பயமுறுத்தினீங்களாம்மா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கணவர் தரையைப் பார்த்தார். முதல் நாள் என்னைக் காட்டிக் கொடுத்ததே போதும் என்று நினைத்தாரோ என்னவோ.

"நேத்து எடுத்த ஊசியும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்யும்" என்றார் டாக்டரம்மா. "நல்ல வேளை, அப்பா சொன்னார்." பிறகு, "கூட யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டார்.

"ஒரு பையன். ஓடிட்டான்" என்றேன்.

"ஓடினானா? அப்ப அவனுக்கும் இதே நடந்திருக்கும். தப்பிச்சான்."

தப்பித்தானா, பார்க்கலாம் என்று முடிச்சைத் தொட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கேதான் பரிசோதனைகள் தொடங்கின. தினமும் ஈ.சி.ஜி. இதயத்துக்கு எக்கோ. அது வயிற்றில் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன் மாதிரிதான், நெஞ்சில் ஜெல் தடவிப் பார்க்கிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு ரொம்பக் குறைந்திருந்தது. அது குறைந்தால் தசை தளர்ந்து போகுமாம், இதயமும் தசைதானே. ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்தார்கள். தலையையும் ஸ்கேன் எடுத்தார்கள். மூளை நரம்புகளைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறதாம். இந்த ஆவி அதைக் கரைத்துவிடும், கரைந்தது சில சமயம் திரும்பி வராது என்றார்கள். புடவை எண்ணெயைக் கரைக்கத்தான் அதை வாங்குகிறோம், மண்டைக்குள் போனால் மட்டும் சும்மா இருக்குமா என்று யோசிக்க எனக்குப் பதினாறு வருஷம் போதவில்லை.

நிவேதாவை ஒரு கோட்டின்மேல் நடக்கச் சொன்னார்கள். ஆடினாள். விரலால் மூக்கைத் தொட்டு டாக்டரின் விரலைத் தொடச் சொன்னார்கள். விரல் நடுங்கித் தள்ளிப் போனது. "நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வா பாக்கலாம்" என்றதற்கு அவள் தொண்ணூற்று மூன்றோடு நின்றுவிட்டாள். கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாதவள். தலையைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அந்த இடத்தில் பிரவீன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

என் கணவர் அந்த நாட்களில் தறிப்பக்கமே போகவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவரும் ஒவ்வொரு துண்டையும் போர்வையையும் மூன்று தடவை அலசி, மாடியில் வெயிலில் போட்டுக் காயவைத்து, தானே முகர்ந்து பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரையும் முகர்ந்து பார்க்கச் சொல்லி, வாசனை இல்லை என்று உறுதியான பிறகுதான் கொண்டுவருவார். "அந்த வாசனை வந்தா அவளுக்கு மறுபடியும் ஞாபகம் வரும்" என்றார். என்னைப் பார்த்து, "நீயும் தலைக்குக் குளிச்சுட்டு வாம்மா" என்றார். ஒரு குறை சொல்லியிருந்தால் எனக்குத் திருப்பிச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

எங்களுக்கு எதிர்க்கட்டிலில் தென்னேரிப் பக்கத்துப் பையன் ஒருவன். பதினாறு வயது. கூட்டாளிகள் பந்தயம் கட்டினார்கள் என்று ஊமத்தங்காய் விதையை அரைத்து ஜூஸில் கலந்து குடித்திருக்கிறான். போனில் யாரோ அதைக் குடித்தால் வேறு உலகம் தெரியும் என்று சொன்னானாம். தெரிந்தது வாஸ்தவம். கண்மணி விரிந்து கருப்பாக இருந்தது. உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. நாக்கு காய்ந்துபோய்ப் பேச்சு குழறியது. கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். அவிழ்த்தால் காற்றில் எதையோ ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே இருப்பான். அவன் அம்மா என்னிடம், "என்னைப் பாத்து கோழின்னு சொல்றான்க்கா, உஸ்ஸு உஸ்ஸுன்னு வெரட்டுறான்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவள் கையையும் பிடித்துக்கொண்டேன். அவன் வந்த மூன்றாம் நாள்தான் அவளை அம்மா என்று கூப்பிட்டான். நடந்தது எதுவுமே அவனுக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கூட்டாளிகள் யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் பெயரையும் என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் விஜயா வந்தாள். ஒரு பை சாத்துக்குடி. நான் பையைத் தொடவில்லை. வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உம் புள்ள எங்கடி?"

"ரூமை விட்டு வெளியவே வர்றதில்ல அமுதா. சோறு கூட உள்ளதான்."

"எம் பொண்ணைக் கெடுத்துட்டு உள்ள உக்காந்துக்கினு இருக்கானா? உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கறேன் பாரு."

விஜயா லேசுப்பட்டவள் இல்லை. பட்டு நூல் இழைக்கிறவள். அறுந்த நுனியைத் தேடிப் பிடிப்பதுதான் அவள் வேலை. "வந்து நில்லு. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தக் கேனு யாரு வீட்டுக் கேனு? என் வீட்டுலயா இருந்துது? உன் பொண்ணு கட்டிலுக்கு அடியில யாரு வெச்சது?"

அவளை அறைந்திருப்பேன். வார்டு நர்ஸ் எட்டிப் பார்த்து, "சத்தம் போடாதீங்கம்மா, ஹார்ட் பேஷன்ட்ஸ் இருக்காங்க" என்றார். கை இறங்கியது. விஜயா போன பிறகு சாத்துக்குடிப் பையைக் குப்பைத் தொட்டி வரை கொண்டு போய்விட்டு, ஊமத்தைப் பையனின் அம்மாவிடம் கொடுத்தேன்.

அன்று மாலை நிவேதாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். பின்பக்கமாக இருந்ததால் அவளுக்கு என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ தானே சொன்னாள்.

"பிரவீன்தாம்மா மொதல்ல சொன்னான். ஜஸ்ட் ஒன் டைம், தலை ஜில்லுனு ஆவும்னு. ஆனா எனக்கு அந்த ஸ்மெல் சின்ன வயசுலேருந்தே புடிக்கும். உன்கிட்ட உக்காந்து ஹோம்வொர்க் பண்ணும்போதே புடிக்கும். தலைவலி வரும், ஆனாலும் உக்காந்திருப்பேன். அவன் கேட்டப்ப பாட்டில்ல ஊத்திக் குடுத்தேன். அப்புறம் அவன் இல்லாமயும் பண்ணேன். விட முடியல."

சீப்பு என் கையில் நின்றுவிட்டது. நல்ல நாளாக இருந்தால் அங்கேயே ஒரு வாங்கு வாங்கியிருப்பேன். தொண்டை வரை வந்தது. அவள் மார்பில் ஒட்டியிருந்த ஒயரைப் பார்த்தேன். பின்னலைப் போட்டு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு, "சரி, படு" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் பயம்தான் இருந்தது. கத்தாத அம்மாவை அவள் அதுவரை பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை, வாரம் ஒரு தடவை மனநல டாக்டர், மாதம் ஒரு ஈ.சி.ஜி. கை நடுக்கம் குறைந்திருந்தது. கணக்கு திரும்பி வர நாளாகும் என்றார்கள். வந்தாலும் முழுசாக வருமா என்பதற்கு உறுதி சொல்லவில்லை. நாங்கள் வருவதற்குள் என் கணவர் கேனை அப்புறப்படுத்தியிருந்தார். கறை எடுக்கும் வேலையை இனிமேல் கடையிலேயே, ஜன்னல் திறந்திருக்கும் பின்கட்டில்தான் செய்வது என்று நானும் முடிவு செய்தேன். பழைய கேன்காரரைத் தெருமுனையில் பார்த்து, "நீங்க கொறைக்கல" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் புரியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். எனக்கு மன்னிப்புக் கேட்க அவ்வளவுதான் வரும்.

மறுநாள் பிற்பகல் நிவேதா தூங்கிய பிறகு எதிர்வீட்டுக்குக் கிளம்பினேன். முந்தானை மாறினாலும் மண் மாறவில்லை. புடவை மாற்றும்போதெல்லாம் முடிச்சை அவிழ்த்து அடுத்ததில் முடிந்துகொண்டிருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று பன்னிரண்டு நாளும் மனதுக்குள் நெய்து வைத்திருந்தேன். மொத்தத் தெருவும் கேட்க வேண்டும். அதற்காகத்தான் தறிகள் சாப்பாட்டுக்கு நிற்கிற நேரமாகப் பார்த்துப் போனேன்.

வாசல் கதவு திறந்திருந்தது. விஜயா வேலைக்குப் போயிருந்தாள். முடிச்சை அவிழ்த்து மண்ணைக் கையில் எடுத்தேன், மூச்சை இழுத்தேன். அந்த மூச்சில் வாசனை வந்தது. பன்னிரண்டு நாள் அந்த வாசனை இல்லாமல் இருந்த மூக்கு, அதனால் உடனே தெரிந்தது.

உள்ளே போனேன். உள்ளறையில் சுவரில் சாய்ந்து பிரவீன் உட்கார்ந்திருந்தான். வாயில் துணி. பக்கத்தில் ஒரு பாட்டில். நீல மூடி போட்ட என் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டில். என்னைப் பார்த்ததும் அவன் கண் அகன்றது. எழுந்து ஓடத் தயாராகக் கால் இரண்டையும் மடக்கினான்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அவ்வளவு வசதியான நேரமும் வாய்த்ததில்லை. ஒரு சத்தம் போட்டால் போதும். விரலைக்கூட அவன் மேல் வைக்க வேண்டாம். யாரும் என்னைக் கேட்கவும் முடியாது, பெற்ற வயிறு எரிந்து கத்தினேன் என்பார்கள். இதெல்லாம் எனக்குத் தோன்றியது. ஒரு கணம் இல்லை, அதைவிடக் கொஞ்சம் அதிக நேரமே தோன்றியது. இதையும் எழுத வேண்டும் என்றுதான் டாக்டரம்மாவிடம் அந்த நிபந்தனை போட்டேன்.

மண்ணை மறுபடி முந்தானையில் போட்டுக்கொண்டேன்.

"எழுந்திரிக்காதப்பா" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "ஒண்ணும் இல்ல. பயப்படாத. நான் திட்ட வரல."

மெதுவாக நடந்து ஜன்னல் இரண்டையும் திறந்தேன். அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்காமல், அவனே கொடுக்கும்வரை கை நீட்டிக்கொண்டு நின்றேன். கொடுத்தான். பாட்டிலை மூடி வெளியே வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். துடிப்பு ஓடு ஓடு என்று ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் 108-ஐ அழைத்து, வானிலை சொல்கிற மாதிரி நிதானமாக விஷயத்தைச் சொன்னேன்.

"நான் ஓடிட்டேன் ஆன்ட்டி" என்றான்.

"ஆமாம்பா, ஓடுன."

"அவ விழுந்த சத்தம் கேட்டுது. தெரிஞ்சும் ஓடிட்டேன்."

"தெரியும்பா. பேசாத. மெதுவா மூச்சு வுடு." ஒவ்வொரு 'பா'வும் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தது.

வண்டிக்கு முன்னால் விஜயா வந்துவிட்டாள். நான் அந்த வீட்டுக்குள் போனதைப் பார்த்து யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வாசலிலேயே பார்த்துவிட்டு, "அடப் பாவி" என்று வாயைத் திறந்தாள். நான் பாய்ந்து அவள் வாயை என் உள்ளங்கையால் பொத்தினேன். அவள் என் கையைக் கடித்தாள். விடவில்லை. "கத்தாதடி" என்று அவள் காதில் சொன்னேன். "கத்தித்தான் எம் பொண்ணை நான் சாய்ச்சேன். நீயும் சாய்ச்சுடாத." நான் செய்ததை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்ல வேண்டி வந்தது போயும் போயும் அவளிடம்.

பிரவீனை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துடிப்பு தடம் மாறவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு அவனையும் மனநல டாக்டரிடம் எழுதிக் கொடுத்தார்கள். நான் டாக்டரம்மாவிடம், "அவன் நெஞ்சு நல்லா இருக்குதா? இப்ப திட்டலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அவன்மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது. நிவேதா ஒரு கூட்டல் கணக்கில் தடுமாறும்போதெல்லாம் அது கொஞ்சம் ஏறுகிறது.

இப்போது வாரா வாரம் நான்கு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். உள்ளே பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்ப் பேசிவிட்டு வருவார்கள். வெளியே புங்க மரத்தடியில் நானும் விஜயாவும். அவள் கையில் என் பல் தடம் எதுவும் இல்லை, என் கையில் அவள் பல் தடம் இருக்கிறது. அந்தக் கணக்கும் தீர வேண்டும். போன வாரம் அவள் என் முந்தானையைப் பார்த்து, "எப்பப் பாத்தாலும் இன்னாத்தை முடிஞ்சு வெச்சுக்கினு இருக்க?" என்று கேட்டாள்.

"மண்ணு."

"எதுக்கு?"

"வாசல்ல வாரித் தூத்த."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. "இன்னும் தூத்தலியா?" என்றாள்.

"இல்ல. உன் வாசல்லயா, என் வாசல்லயான்னு இன்னும் முடிவு பண்ணல" என்றேன்.